காலுக்குத் தக்க பலகை



பனியை வாழ்நாளிற் கண்ணாற் காணாத ஒருவன் பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுதப் புகுந்தால், "கடலைக் காணாதவன் தோணிக்கு விலை கூறினான்" என்று நீங்கள் நகைக்கக்கூடும். நகைப்பது நியாயமே. ஆயினும் இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அக்காரணம் என் தமக்கையின் மகனது வலக்கால்.

மருமகன் சுவிற்சர்லாந்தில், பேர்ன் நகரிற் படிக்கின்றான். உயரம் 182 சென்ரிமீற்றர். நிறை 85 கிலோகிராம். சென்ற ஆண்டு மாரிகாலத்தில் நண்பர்களோடு மலைக்குச் சென்றவன், மலிவாகக் கிடைத்ததென்று யாரோ பாவித்துக் கழித்த ஒரு சோடி குறும்பலகைகளை வாங்கினான். அவற்றின் நீளம் 75 சென்ரிமீற்றர். "குட்டைப் பலகைக்குப் பயிற்சியே தேவையில்லை; ஏறி நின்றாற் போதும்" என்று தோழர்கள் கூறினார்களாம். முதல்நாள் அவர்கள் சொன்னது மெய்யாகவே தோன்றியது. இரண்டாம் நாட் பிற்பகலில், வெயிலால் இளகிய பனித்திட்டு ஒன்றிற் பலகையின் முனை புதைந்தது. உடல் முன்னே சென்றது. பலகை அங்கேயே நின்றது. சப்பாத்து பலகையை விட்டுக் கழலவில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிந்தது. ஒரு பருவப் படிப்புப் பாழாயிற்று. என் தமக்கை ஒரு மாதம் உறக்கமின்றி இருந்தார்.

இவ்வாண்டு பனி விழத் தொடங்கியதும் அவனிடமிருந்து கடிதம் வந்தது. "மாமா, நீங்கள் பௌதிகம் படிப்பித்தவர். என் உடம்புக்கு எத்தனை சென்ரிமீற்றர் பலகை பொருந்தும்? அம்மாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தான். போகாதே என்று ஒரு வரியில் விடை எழுதியிருக்கலாம். ஆனால் இருபத்துநான்கு வயதுப் பிள்ளையை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து ஒரு வரியாற் கட்டிப்போட முடியுமா? முன்னமே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை இப்போதாவது கேட்கின்றானே என்று எண்ணிக்கொண்டு, நூல்களைப் புரட்டியும் அறிந்தவர்களை உசாவியும் விடை எழுதினேன். அவ்விடை ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகின்றேன்.

நிலமே நீளத்தை வகுத்தது

பனிச்சறுக்குப் பலகை நேற்றுத் தோன்றிய விளையாட்டுப் பொருள் அன்று. சுவீடனின் வடபகுதியிலுள்ள கல்வ்திரெஸ்க் என்னுமிடத்தில் 1924ஆம் ஆண்டு சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட பலகைகள் ஏறத்தாழ 5200 ஆண்டுப் பழமையுடையவை. அவற்றின் நீளம் சுமார் இரண்டு மீற்றர். பனி மூடிய நாட்டில் வேட்டைக்கும் போக்குவரத்துக்கும் அவை கால்களாக இருந்தன.

நோர்வேயின் சில பகுதிகளில் இன்னும் விந்தையான ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காலுக்கு நெடும்பலகை. மற்றக் காலுக்கு அடியில் விலங்குத்தோல் பொருத்திய குறும்பலகை. குறும்பலகையால் உந்தி, நெடும்பலகையில் வழுக்கிச் செல்வார்கள். வழுக்குவதற்கு நீளமும் உந்துவதற்குக் குறுமையும் உதவும் என்பதை, எந்தக் கணிதமும் பயிலாமலே அம்மக்கள் அறிந்திருந்தனர்.

அடுத்த பாடம் ஒஸ்திரியாவிற் கிடைத்தது. லிலியென்வெல்ட் என்ற ஊரில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, நான்சென் 1888இல் கிறீன்லாந்தைக் கடந்த வரலாற்றைப் படித்துவிட்டு நோர்வேயிலிருந்து பலகைகளை வருவித்தார். அவை மூன்று மீற்றருக்கு அண்மித்த நீளமுடையவை. அலையலையாய்ப் பரந்த நோர்வே நிலத்துக்கு உகந்த அப்பலகைகள், செங்குத்தான அல்ப்ஸ் மலைச்சரிவில் திரும்ப மறுத்தன. மனிதர் அவற்றைக் கைவிடவில்லை, குறுக்கினார். சுமார் 180 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்து, குதிக்காலைப் பிடிக்கும் பிணைப்பையும் திருத்தியமைத்தார். மலையில் வளைந்து வளைந்து இறங்கும் முறை இதனால் வளர்ந்தது. 1905இல் அவர் தம் ஊர்மலையில், நட்ட கம்பங்களினூடே வளைந்து இறங்கும் போட்டியொன்றையும் நடத்தினார். பலகையின் நீளத்தை முதலில் வகுப்பது நிலம் என்பதே இவ்வரலாறு கூறும் செய்தி.

பின்னர் 1960களில் அமெரிக்கரான கிளிவ் ரெய்லர் என்ற ஆசிரியர் இன்னொரு படி சென்றார். தொடக்கத்தில் மாணவருக்கு மிகக் குறுகிய பலகையைக் கொடுத்து, திருப்பம் கைவந்தபின் படிப்படியாக நீளத்தைக் கூட்டினார். குறும்பலகை கற்கும் மனத்தின் அச்சத்தைப் போக்கும் என்பது அவர் கொள்கை. 1990களிற் பிறந்த இன்றைய குறும்பலகை, அதாவது ஸ்கீபோர்ட், இந்த எண்ணத்தின் வழித்தோன்றலே. பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்ட நீளம், அகன்ற உடல், இரு முனையும் மேல்நோக்கி வளைந்த வடிவம், கையில் ஊன்றுகோல் இல்லாமை ஆகியன அதன் அடையாளங்கள். 1998 முதல் 2000 வரை அமெரிக்காவின் எக்ஸ் கேம்ஸ் மாரிகாலப் போட்டிகளிலும் அது இடம்பெற்றது. பின்னர் ஆரவாரம் குறைந்ததாயினும், அதனை விரும்புவோர் இன்றும் உளர்.

நீளம் செய்யும் வேலை என்ன?

மாணவர்கள் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும். பலகையின் நீளம் மூன்று வேலைகளைச் செய்கின்றது.

முதலாவது, தாங்குதல். அமுக்கம் என்பது நிறையைப் பரப்பாற் பிரித்தால் வருவது. என் மருமகனின் 85 கிலோகிராமை எடுத்துக்கொள்வோம். சப்பாத்தோடு மட்டும் பனியில் நின்றால், 33 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள இரண்டு அடிகள் அவனைத் தாங்கும். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ 129 கிராம் சுமை. அவன் வாங்கிய 75 சென்ரிமீற்றர்ப் பலகை 10 சென்ரிமீற்றர் அகலமுடையதெனக் கொண்டால், சுமை 57 கிராமுக்கு இறங்கும். 105 சென்ரிமீற்றர் நீளமும் 12 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பலகையானால் 34 கிராம். 175 சென்ரிமீற்றர் நெடும்பலகையை அதே 10 சென்ரிமீற்றர் அகலத்தோடு கொண்டால் 24 கிராம். முனைகள் வளைந்திருப்பதால் உண்மைக் கணக்கு சிறிது வேறுபடும். ஆயினும் வரிசை மாறாது. இளகிய பனியில் அவனுடைய முனை ஏன் புதைந்ததென்பதை இக்கணக்கே கூறிவிடுகின்றது.

இரண்டாவது, திரும்புதல். ஒரு பலகையைக் காலின் கீழே சுழற்றுவதற்கு வேண்டிய முயற்சி அதன் சடத்துவத் திருப்பத்தைப் பொறுத்தது. ஒரே தடிப்பும் ஒரே அகலமும் உள்ள சீரான பலகையொன்றின் நீளத்தைப் பாதியாக்கினால், திணிவும் பாதியாகும். சடத்துவத் திருப்பமோ எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். குறும்பலகையில் ஏறிய முதல்நாளே ஒருவன் தன்னைத் தேர்ந்தவனென்று மயங்குவதற்கு இதுவே காரணம். திறமை வளரவில்லை, தடை குறைந்தது, அவ்வளவே.

மூன்றாவது, நிலைத்தல். சப்பாத்தின் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் பகுதியே உடலை முன்னாலும் பின்னாலும் விழாமற் காக்கும் ஊன்று. சப்பாத்தை நடுவில் வைத்தால், 75 சென்ரிமீற்றர்ப் பலகையில் 33 சென்ரிமீற்றர் சப்பாத்துக்கு முன்னே 21, பின்னே 21 சென்ரிமீற்றர்தான் எஞ்சும். அதிலும் ஒரு பங்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். மெதுவாகச் செல்லும்வரை அது போதும். வேகம் கூடும்போது சிறு மேடும் பள்ளமும் பெரிய அடியாக மாறும்; அப்போது அந்த ஊன்று போதாது. வேகத்தை விரும்புவோர் நெடும்பலகையைத் தேடுவதன் காரணம் இதுவே.

ஆகவே குறுமை திருப்பத்தைத் தருகின்றது. நீளம் தாங்கலையும் நிலைப்பையும் தருகின்றது. இரண்டையும் ஒருங்கே முழுமையாகத் தரும் பலகை உலகில் இல்லை.

விளையாட்டு மாறினால் அளவும் மாறும்

இதற்குச் சிறந்த சான்று உலகப் போட்டிகளிற் கிடைக்கும். சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் விதிப்படி, கம்பங்களிடையே விரைந்து வளையும் சிலாலம் போட்டிக்கு ஆண்களின் பலகை 165 சென்ரிமீற்றருக்கும் பெண்களின் பலகை 155 சென்ரிமீற்றருக்கும் குறையலாகாது. மலையுச்சியிலிருந்து நேராகப் பாய்ந்திறங்கும் போட்டிக்கோ ஆண்களுக்கு 218, பெண்களுக்கு 210 சென்ரிமீற்றர். ஒரே வீரர் இரண்டிலும் இறங்கினால், அவருடைய உயரம் ஓர் அங்குலமும் மாறுவதில்லை. பலகை மட்டும் அரை மீற்றருக்கு மேல் மாறுகின்றது. "என் உயரம் இவ்வளவு, பலகை எவ்வளவு?" என்ற கேள்வி ஏன் அரைக் கேள்வி என்பது இப்போது விளங்கும். "நான் என்ன செய்யப்போகின்றேன்?" என்பதே மற்ற அரைவாசி.

முற்காலத்தில் கையை மேலே தூக்கி, மணிக்கட்டளவு நீண்ட பலகையை வாங்குவதே வழக்கமாயிருந்தது. 1990களில் முனையும் வாலும் அகன்று நடு ஒடுங்கிய பலகைகள் பரவியதும் அவ்வழக்கம் ஒழிந்தது. அவ்வடிவப் பலகை சாய்த்தவுடன் தானே வளையும் ஆதலால், பழைய நீளம் வேண்டியதில்லை. இன்று சாதாரண நெடும்பலகையை நிமிர்த்தி வைத்தால், அதன் முனை நாடிக்கும் நெற்றிக்கும் இடையே நிற்பது பொதுவான அளவு. கற்கத் தொடங்குவோர் நாடியளவையும், பழகியோர் மூக்களவையும், வேகத்தையும் ஆழ்பனியையும் நாடுவோர் உச்சந்தலையளவையும் அதற்கு மேலும் கொள்வர். சிறுவர்களுக்கு மார்புக்கும் நாடிக்கும் இடைப்பட்ட அளவு தகும். "அடுத்த வருடமும் உதவும்" என்று குழந்தைகளுக்கு நீண்ட பலகை வாங்கும் பெற்றோர், பெரிய சட்டை வாங்குவதுபோல் அதனைக் கருதலாகாது. பெரிய சட்டை குழந்தையை விழுத்தாது.

குறும்பலகை தெரிவோருக்கு

குறும்பலகையின் கணக்கு இதனினும் வேறு. இங்கே நாடியும் நெற்றியும் உதவா. நிறை முதலாவது, சப்பாத்தின் நீளம் இரண்டாவது, செல்லுமிடம் மூன்றாவது, உயரம் அவற்றுக்குப் பின்னரே. ஒவ்வொரு பலகைக்கும் அதனைச் செய்தவர் நிறை அளவொன்றைக் குறித்திருப்பார், அதுவே முதற்பிரமாணம். அது கிடையாதவிடத்து, பின்வருவனவற்றைப் பொதுவழிகாட்டியாகக் கொள்ளலாம்.

மெலிந்த உடலினரும் இளையோரும், செப்பனிட்ட மென்சரிவில் விளையாடவும் தாவிச் சுழலவும் விரும்பினால், 80 முதல் 90 சென்ரிமீற்றர் வரையுள்ளவை இசையும். நடுத்தர நிறையினருக்கு 90 முதல் 100 வரை. 80 கிலோகிராமைக் கடந்தவர்களும், பெரிய சப்பாத்து அணிவோரும், சற்று வேகமாகச் செல்ல நினைப்போரும் 100 சென்ரிமீற்றருக்குக் குறையாததைத் தேடுவதே நன்று. புதிதாய் விழுந்த ஆழ்பனியில் இறங்குவோருக்கு நீளத்தோடு அகலமும் வேண்டும். இரண்டு அளவுகளுக்கிடையே மனம் ஊசலாடினால், பாரமானவர் நீண்டதையும் இலேசானவர் குறுகியதையும் கொள்க.

நிற்கும் முறையும் மாறும். நெடும்பலகையிற் பழகியோர் சப்பாத்தின் முன்புறத்தில் அழுத்தி நிற்பர். குறும்பலகையில் அவ்வாறு சாய்ந்தால் முனை புதையும். பின்னே சாய்ந்தால் வால் தாங்காது மல்லாந்து விழ நேரும். பாதத்தின் நடுவில் நிறையை வைத்து, முழங்காலைத் தளர்த்தி நிற்றல் வேண்டும்.

நீளத்தினும் பெரிய விடயம்

இதுவரை கூறியவற்றைச் சரியாகச் செய்தும் ஒருவன் காலை முறித்துக்கொள்ளக்கூடும். ஏனெனில் என் மருமகனின் காலை முறித்தது குறுமை மட்டும் அன்று. கழலாத பிணைப்பும் அதற்குக் காரணம்.

1937ஆம் ஆண்டில் ஜால்மர் வாம் என்ற நோர்வே வழிவந்த அமெரிக்க வீரர் ஒருவர் பனிச்சறுக்கில் கால் முறிந்து மருத்துவமனையிற் கிடந்தார். விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றிருந்தால் இந்தக் கதி நேராதே என்று அவர் அங்கே எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்து கழலும் பிணைப்பு பிறந்தது. 1939இல் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். குறித்த அளவுக்கு மேல் விசை வந்தால் சப்பாத்தைத் தானே விடுவிக்கும் இன்றைய பிணைப்புகள் அவ்வெண்ணத்தின் வளர்ச்சியே.

குறும்பலகைகள் பரவியபோது, அவற்றிற் பலவற்றுக்கு இந்த ஏற்பாடு இல்லாமற் போயிற்று. "பலகை குறுகியது, நெம்புகோலும் குறுகியது, ஆகவே கால் முறுகாது" என்பது அதற்குக் கூறிய நியாயம். அந்நியாயம் பாதி மெய். முழங்காலின் இணையங்களுக்கு நேரும் சுளுக்கு குறும்பலகையிற் குறைவு என்று மருத்துவ ஆய்வுகள் கண்டன. ஆனால் கழலாத பிணைப்பில், கீழ்க்கால் எலும்பு முறிவு நெடும்பலகையிலும் கூடுதல் என்பதையும் அவை கண்டன. உடல் முன்னே பாய, சப்பாத்து விடாமற் பிடிக்க, அதன் மேல்விளிம்பில் எலும்பு மடிகின்றது. முழங்காலைக் காத்த குறுமை, கீழ்க்காலைக் காக்கவில்லை.

ஆதலால் எந்த நீளம் வாங்கினும், கழலும் பிணைப்பு உள்ளதையே வாங்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. அப்பிணைப்பின் சுருள்வில்லை எவ்வளவு இறுக்குவதென்பதற்குச் சர்வதேச அட்டவணை உண்டு. நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், சறுக்கும் வகை என்ற ஐந்தையும் கொண்டு அதனைத் தீர்மானிப்பார்கள். சறுக்கும் வகை மூன்று: எச்சரிக்கையாய்ச் செல்வோர், நடுத்தரமாய்ச் செல்வோர், முரட்டு வேகத்திற் செல்வோர். இங்கே பொய் கூறுவோர் பலர். நண்பர்கள் நடுவே "நான் மூன்றாம் வகை" என்று பெருமையாகக் கூறிவிட்டால், தொழிலாளி அதன்படி இறுக்கிவிடுவார். விழும் வேளையிற் பிணைப்பு கழலாது. நிறையைக் கூட்டிக் கூறுவதும், வயதை மறைப்பதும் இத்தகையனவே. திருமண விளம்பரத்தில் வயதை மறைத்தாற் பிணக்கு வரும். இங்கே மறைத்தால் எலும்பு போகும். திருகாணியைத் தானே திருப்பாமல், அளக்கும் கருவியுள்ள கடையிற் கொடுத்து, பருவத்துக்கு ஒருமுறையேனும் சோதித்துக்கொள்ளுதல் கடமை. கழன்ற பலகை சரிவில் ஓடிப் பிறரைத் தாக்காதவாறு தடைக்கம்பி இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். தலைக்கவசம் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மருமகனுக்கு எழுதியது

இவையனைத்தையும் எழுதி, இறுதியில் இவ்வாறு முடித்தேன்: "உன் நிறைக்கும் சப்பாத்துக்கும் 100 முதல் 110 சென்ரிமீற்றர் வரையுள்ள அகன்ற குறும்பலகை பொருந்தும். ஆயினும் உடனே வாங்காதே. இரண்டு மூன்று அளவுகளை வாடகைக்கு எடுத்து, மென்சரிவில் ஒரு நாள் பழகிப் பார். ஒரு ஆசிரியரிடம் இரண்டு பாடமேனும் கேள். முறிந்த கால் பாரம் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டதென்று வைத்தியர் கூறும்வரை இவை எதுவும் வேண்டாம். சறுக்கும் வகையைக் கேட்டால், முதலாம் வகை என்று கூச்சமின்றிச் சொல். இன்னொன்று: அம்மாவுக்கு மறைத்து நான் எதையும் செய்யமாட்டேன். நீயே எழுது."

அவன் எழுதினான். தமக்கை மறுநாட் காலையே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையிலே அவனுடைய கடிதம். அதில் நீளம், அகலம், நிறை, அமுக்கம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, என்னைக் கோபிப்பார் என்று நான் எதிர்பார்த்திருக்க, ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்தமுறை விழுந்தால் அது கழலுமோ?"

இரண்டு நாளாக நூல்களைப் புரட்டி நான் கண்ட முடிவை, பலகையைப் படத்திலும் சரியாகப் பாராத அக்கா ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். கழலும் என்று கூறினேன். "அப்போ சரி" என்றார்; கண்ணைத் துடைத்துக்கொண்டார்; தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

"காலுக்குத் தக்க செருப்பு" என்பது நம் முதுமொழி. பனிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்களாக: தக்கதாக மட்டும் இருந்தாற் போதாது; வேண்டிய வேளையில் விட்டுவிடுவதாகவும் இருத்தல் வேண்டும்.